வலது பக்கமே திரும்பும் அணி

ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வண்டி இன்னும் வந்தபாடில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் ஊர்க் கால்பந்து கிளப்பின் கமிட்டிக்காரர். பக்கத்தில் நின்ற பாயிடம் சொன்னார்:

"நம்ம பசங்களுக்கு இடது பக்கம் திரும்பவே தெரியாது, பாய்."

"மூணு மேட்ச்சும் தோத்தது அதனாலதானாண்ணே?"

"பின்ன? புதுசா வந்த கோச்சு பெரிய மேதாவி. தினம் காலையில கிரிவலப் பாதையில ஓட விடுறாரு. மலை எப்பவும் வலது கைப்பக்கம். ஓடி ஓடி, கிரவுண்டுலயும் வலது பக்கமே திரும்புறானுங்க. எதிர் டீம்காரன் இடது பக்கமா வந்து கோல் போட்டுட்டு, பிரசாதமும் வாங்கிக்கினு போறான். இன்னிக்கு கமிட்டியில அவரை அனுப்பிடப் போறோம்."

"ஒருநாள் விட்டு ஒருநாள் திருப்பி ஓடலாம்னு அவரு முதல் வாரமே கேட்டாராமே?"

"கேட்டாரு. நான்தான் விடல. அண்ணாமலையாரை யாராவது இடமா சுத்துவாங்களா? அபச்சாரம்!"

"சரி, அடுத்து வர்ற கோச்சு என்ன பண்ணுவாரு?"

"அவரும் மலையைச் சுத்தி ஓட விடட்டும். எந்தப் பக்கமா ஓடணும்னு மட்டும் நான் சொல்லிடுறேன்."