மூன்று புள்ளித் தாடை

கம்ப்யூட்டர் படத்தில் வளைவு வரைவது சிரமம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இன்ஸ்பெக்டர் புவான். புள்ளியை எங்கே வைக்கக் கூடாது என்று தெரிந்தால் போதும். எங்கள் கடைக்கு வேலை பழக வருகிறவர்கள் பயத்தில் கண்ட இடத்திலெல்லாம் புள்ளி வைத்துவிடுவார்கள். கோடு கல் ரோட்டில் போகிற மோட்டார் சைக்கிள் மாதிரி குதித்துக் குதித்துப் போகும். நான் அப்படி இல்லை. காதடியில் ஒன்று, மோவாயில் ஒன்று, மறு காதடியில் ஒன்று. நடுப்புள்ளியைப் பிடித்து இழுத்தால் இரண்டு பக்கமும் கைப்பிடி மாதிரி இரண்டு கை நீளும். அந்தக் கையை லேசாகத் திருப்பினால் போதும், தாடை வழுக்கிக்கொண்டு வந்து நிற்கும். கோட்டுக்கு வெளியே இருக்கிற சதையைத் தேர்வு செய்து, அதன் மேல் பின்னணியை இழுத்து மூடிவிட்டால் வேலை முடிந்தது. அப்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. வாயில் பாட்டு வந்துவிடும். நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றுவேன்.

என் பெயர் லோகேஸ்வரி. சுங்கைப் பட்டாணியில் கல்யாண ஆல்பமும் பிறந்தநாள் பேனரும் அடிக்கிற கடையில் படம் திருத்துகிறேன். ஊரில் பாதிப் பேருடைய இரட்டை நாடி என் கம்ப்யூட்டர் குப்பைத் தொட்டியில்தான் கிடக்கிறது. என் தங்கை சாந்தினிக்கு ஊசி போட்டவளைப் பற்றிக் கேட்கத்தான் என்னை அழைத்தீர்கள். அவளைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் அவள் நான் சொன்னதைச் செய்தவள், அவ்வளவுதான்.

அப்பா அம்மா போன பிறகு சாந்தினியை வளர்த்தது நான். அவள் பாலர் பள்ளியில் டீச்சர். அகலமான முகம் அவளுக்கு. சிரித்தால் கன்னம் இரண்டும் மேலேறிக் கண்ணை மூடிவிடும். என்னை யாரும் பெண் பார்க்க வந்ததில்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு வயது வந்ததும் கல்யாணத் தரகு பார்க்கிற அழகம்மா அக்கா ஒரு படம் கேட்டார். தஞ்சோங் டாவாயில் படகுகள் பின்னால் தெரியும்படி நிற்க வைத்து நானே எடுத்தேன். கன்னத்தை உள்ளே தள்ளி, தாடையைக் கூராக்கினேன். முதல் தடவை செய்தது சத்தியமாக நல்லெண்ணத்தில்தான்.

பாலிங்கிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சாந்தினி தேநீர்த் தட்டோடு மாப்பிள்ளையின் அம்மா முன்னால் போய் நின்றாள். அந்த அம்மாள் கிளாஸை எடுத்துக்கொண்டு, அவளைத் தாண்டி அறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "பொண்ணு இன்னும் ரெடியாகலியா மா?" என்று கேட்டார்.

நான் அடுப்படிக்கு ஓடிப்போய்த் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். இப்போது நினைத்தாலும் சிரிப்புதான் வருகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் சாந்தினி என் மடியில் தலை வைத்துப் படுத்தாள்.

"நான் உன்கூடயே இருந்துடுறேன் கா. எனக்கு யாரும் வேணாம் லா."

எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா, புவான். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது? அடுத்த படத்தில் தாடையை இன்னும் அழகாக்கினேன். அதற்கடுத்த படத்தில் இன்னும் கொஞ்சம். ஒரு நாளும் அவளை அசிங்கமாக்கவில்லை. அழகாக்கினேன். அதற்குச் சட்டத்தில் என்ன பிரிவு என்று நீங்கள்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

வந்தவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், அவளைப் பார்ப்பார்கள், பிறகு கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நான் விதவிதமாகப் பலகாரம் செய்தேன். பெண் பார்க்க வரும் நாள் எங்கள் வீட்டில் திருவிழாதான், எனக்கு.

அழகம்மா அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "கொஞ்சம் கம்மியா எடிட் பண்ணு லா, லோகேஸ். வர்றவங்க எல்லாம் என்னைத்தான் ஏசிட்டுப் போறாங்க."

"பொண்ணு அழகா இருக்க வேணாமா கா?" என்றேன். பாவம், அடுத்த படத்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

சாந்தினி கண்ணாடி முன்னால் நின்று இரண்டு விரலால் கன்னத்தை உள்ளே அழுத்திப் பார்க்க ஆரம்பித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டாள். அதையும் நான் கவனித்தேன். கவனிக்காமல் இருக்க நான் என்ன மூன்றாம் மனுஷியா?

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஹேமநாதன் வந்தான். கூலிம் தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி யூனிஃபார்மோடேயே, அவன் அம்மாவை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தான். போனில் இருந்த படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்து தயாராக நின்றது.

"இந்தப் போட்டோவுல யாருங்க இது? இவங்க வேணாம்," என்றான். "டீ கொண்டுவந்தவங்கதான் நல்லா இருக்காங்க. இவங்களையே பேசி முடிங்க மா."

சாந்தினி சிரித்துவிட்டாள். கன்னம் மேலேறிக் கண் இரண்டும் மூடிப்போயிற்று. அடுப்பில் வடை கருகியது. அன்றைக்கு மட்டும்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாள் குறித்தார்கள். மண்டபம் பேசினார்கள். நான் அவளை உட்கார வைத்துத் தலை பின்னிக்கொண்டே சொன்னேன். "அவன் நல்லவன் மா. உன் மனசு நோகக் கூடாதுன்னு அப்படிச் சொல்லிட்டான். மண்டபத்துல பின்னாடி பேனர்ல அந்த முகம் இருக்கும். முன்னாடி நீ இந்த முகத்தோட நிப்பியா?"

அந்த பேனரைச் செய்யப் போகிறவளே நான்தான். அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அப்போ என்ன கா செய்யறது?" என்றாள்.

பாலிங்கில் ஒரு கடை மாடியில் கன்னத்தை ஒடுக்க ஊசி போடுகிற பெண்ணை எனக்குத் தெரியும். லைசென்ஸ் கிடையாது. அவளிடம் போய் வந்த இரண்டு பேர் படத்தை எங்கள் கடையில் நான்தான் திருத்தினேன். ஒருத்திக்கு வாய் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. அதைத் தூக்கி நிறுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆகவே தெரியாமல் கூட்டிக்கொண்டு போனேன் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். என் வேலையே முகம்தான்.

படத்திலிருந்து தாடைக் கோட்டை மட்டும் தனியே எடுத்து, சாந்தினியின் முகத்தளவுக்கே பிரிண்ட் செய்து கொண்டுபோனேன். அதைக் கத்தரித்து அவள் முகத்தில் வைத்து, கண் மையால் நானே வரைந்தேன். உயிருள்ள தோலில் அப்போதுதான் முதல் தடவை வரைகிறேன். அத்தனை வழவழப்பான வளைவை என் வாழ்நாளில் போட்டதில்லை, புவான். அந்தப் பெண் ஊசியோடு தயங்கினாள்.

"இவ்ளோ உள்ளாரயா? அங்க நரம்பு இருக்கு கா."

"கோட்டு மேல போடுங்க," என்றேன்.

சாந்தினி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊசியை அந்தப் பெண் போட்டாள். கோட்டை நான் போட்டேன். நடந்தது இதுதான்.

முகம் வீங்கியது, காய்ச்சல் வந்தது, சீழ் பிடித்தது. இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வலது பக்கம் இனி அசையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சும் குழறுகிறது. நான்தான் சோறு குழைத்து ஊட்டுகிறேன், துடைத்துவிடுகிறேன். சின்ன வயதில் செய்தது மாதிரியேதான் இருக்கிறது.

நேற்று என்னிடம் ஏதோ கேட்டாள். வேறு யாருக்கும் அந்தக் குழறல் விளங்கியிருக்காது. எனக்கு விளங்கியது. "அவரு வந்தாரா கா?"

ஹேமநாதன் கீழே லிஃப்ட் பக்கத்தில் மங்குஸ்தீன் பழப் பையோடு நின்றுகொண்டிருந்தான். தினமும் வேலை முடிந்து வருகிறான். எந்த முகமானாலும் சரி, கட்டிக்கொள்கிறேன் என்கிறான். அவள் உன்னைப் பார்க்க விரும்பவில்லை என்று சொல்லி நானும் தினமும் திருப்பி அனுப்புகிறேன்.

"வரல மா," என்றேன் அவளிடம்.

அவள் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். கண்ணீர் ஒரு பக்கம் கன்னத்திலும் மறு பக்கம் நேராக என் சேலையிலும் விழுந்தது. கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன், புவான். ஆனால் சாப்பாட்டு நேரத்துக்குள் என்னை அனுப்பிவிடுங்கள். என்னை விட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு யார் இருக்கிறார்கள்?