ரத்து செய்யாத காட்சி

டிசம்பர்க் கோடையில் இருபது பிள்ளைகளை ஒரே இடத்துக்கு வரவைப்பது லேசான காரியமில்லை, சார்ஜென்ட். பையன்களுக்குச் சனிக்கிழமைதோறும் கிரிக்கெட். பெரிய பெண்கள் செர்ரி பறிக்கப் போய்விடுவார்கள். மிச்சமிருப்பவர்களைப் பெற்றோர் கடற்கரைக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். ஒரு நாள் ஒத்திகைக்குத் தவளை வேஷம் போடும் பிள்ளைகள் மட்டும் வருவார்கள். மறுநாள் தவளைகளைத் தவிர எல்லோரும் வருவார்கள். எங்கள் மிரம்பா ஊரில் கிறிஸ்துமஸுக்கு முன் இளையோர் நாடகம் போடும் வேலையை நான் பல வருடங்களாகச் செய்துவந்தேன். யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நான் செய்யாவிட்டால் யாரும் செய்திருக்கவும் மாட்டார்கள்.

போன வருடம் காட்சியை ரத்து செய்தேன். அதிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும். அன்று காலையில் மலைப்பக்கம் தீ என்று எச்சரிக்கை வந்தது. வேஷம் போட்டிருந்த பிள்ளைகளை அப்படியே வீட்டுக்கு அனுப்பினேன். சாயங்காலம் காற்று திரும்பியது, தீ அடங்கிவிட்டது. அதன்பிறகு பேக்கரிக்குப் போகும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள்: "மெரின், டோஸ்ட் கருகுது. ஊரைக் காலி பண்ணிடலாமா?" நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த வருடம் முக்கிய வேஷம் ஸ்கை என்ற பெண்ணுக்கு. மேடையேறாமலே ஊரைவிட்டுப் போனாள். இப்போது ஏதோ ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறாள். அவள் முகத்தை நான் மறக்கவில்லை. அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வருடம் கிர்ரா கிடைத்தாள். கொலின் ரட்ஜின் மகள். கொலின் எங்கள் ஊர்த் தீயணைப்புத் தொண்டர்படையின் தலைவர், என்னோடு பள்ளியில் படித்தவர். மனைவி போனபிறகு அந்தப் பெண்ணைத் தனியாக வளர்த்தார். கிர்ரா யாரிடமும் நிமிர்ந்து பேசமாட்டாள். ஆனால் அவளை ஓடிப்போன ஆறாக நடிக்கவைத்தபோது, வசனம் பேசத் தொடங்கியதும் தவளைகள்கூடச் சேட்டையை நிறுத்திவிட்டன. நாடகத்தை நான்தான் எழுதினேன். ஊரைவிட்டு ஓடிப்போகும் ஆறு இரண்டாம் பாதியில் திரும்பி வருகிறது. அவளுடைய நல்ல காட்சிகள் எல்லாமே இரண்டாம் பாதியில்தான்.

அந்தச் சனிக்கிழமை வெளியே நெருப்பு மூட்டக்கூடாத தீத்தடை நாள். வடக்கிலிருந்து சூடான காற்று அடித்தது. அதனால் வாசலில் சாசேஜ் சுடவில்லை. லாமிங்டன் கேக்கும் எலுமிச்சைச் சாறும் போதும் என்று முடிவுசெய்தோம். சட்டத்தை நாங்கள் மதித்தோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

போன்களை வாசலில் துணிக்கூடைகளில் வாங்கிவைப்பது இந்த வருடம் நான் கொண்டுவந்த வழக்கம். நடுவில் போன் அடித்தால் சின்னப் பிள்ளைகள் தடுமாறிவிடுகிறார்கள். இவான் லேசி மட்டும் கொஞ்சம் தயங்கினாள். அவளுடைய இரட்டைப் பையன்கள்தான் தவளைகள்.

"வெளிய இந்தக் காத்து அடிக்குது. இன்னிக்குப் போய் போனை வாங்கிக்கிறியே, மெரின்?"

"என் போன் ஆன்லதான் இருக்கு. ஏதாவது வந்தா நானே சொல்றேன்."

"சொல்லுவியா?"

"போன வருஷம் சொன்னேன்ல? அதுக்குத்தான ஊரே சிரிச்சுது."

அவளும் சிரித்துவிட்டுப் போனைக் கூடையில் போட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் போட்டார்கள்.

வெயில் உள்ளே வராமலிருக்க ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்திருந்தோம். காட்சி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஊர் சைரன் ஊதியது. தொண்டர்படையில் இருக்கும் இரண்டு அப்பாக்கள் குனிந்தபடியே வெளியே போனார்கள். எங்கள் ஊரில் அது சகஜம், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு என் போனில் முதல் செய்தி வந்தது. கவனமாக இருங்கள் என்ற மாதிரிச் செய்தி. போன வருடமும் அதே வார்த்தைகள்தான். அடுத்த செய்தி வந்தபோது துணிக்கூடைகளும் முணுமுணுக்கத் தொடங்கின. கிறிஸ்துமஸ் தாத்தாவின் அங்கி பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்துக் கூடைகள்மேல் போட்டேன். நல்ல கனமான துணி.

முதல் பாதி முடிகிற நேரத்தில் கொலின் கூப்பிட்டார். அரங்கின் சமையலறைக்குப் போய்ப் பேசினேன். அங்கே மட்டும் ஜன்னலுக்குத் துணி இல்லை. மலைக்கு மேலே புகை நின்றது. கறுப்பாக இல்லை, பழுப்பு நிறம்.

"மெரின், ஹாலைக் காலி பண்ணிட்டியா?"

பின்னால் வண்டிகளின் சத்தம். அவர் கத்தித்தான் பேசினார்.

"பண்ணியாச்சு" என்றேன்.

"எல்லாரும் போயாச்சா? பாலத்து ரோடு இன்னும் கொஞ்ச நேரந்தான் தாங்கும். ஆளுங்க இருந்தா சொல்லு, ஒரு வண்டிய அங்க அனுப்பறேன்."

"வேண்டாம், கொலின். எல்லாரும் போயாச்சு."

"கிர்ரா?"

"என்கூடத்தான் இருக்கா."

"ரொம்ப நல்லதும்மா. அவள உங்கிட்டயே வெச்சுக்கோ. நான் வடக்குப் பண்ணைங்க பக்கம் போறேன்."

கிர்ரா என்னோடுதான் இருந்தாள். சமையலறைக் கதவுக்கு வெளியே, நீல உடையில், கன்னத்து மினுமினுப்பை யாரோ ஒரு சின்னப் பெண்ணிடம் சரிபார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை.

"யாரு மெரின், அப்பாவா?" என்று கேட்டாள்.

"ஆமா. வேலை இருக்காம். நல்லா நடிக்கச் சொன்னாரு."

அவள் முகம் மலர்ந்தது. கொலின் அப்படியெல்லாம் பேசுகிற ஆளில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அவள் நம்ப விரும்பினாள்.

இடைவேளை விட்டால் எல்லோரும் வெளியே போவார்கள். போனால் வானத்தைப் பார்ப்பார்கள். அதனால் மேடைக்குப் போய், வெளியே ஒரே அனல், இடைவேளை இல்லாமல் தொடர்வோம், லாமிங்டன் கடைசியில் என்று அறிவித்தேன். சின்னப் பிள்ளைகள் முனகினார்கள். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

இரண்டாம் பாதியின் நடுவில் புகை வாசனை உள்ளே வந்துவிட்டது. யாரோ கேட்டதற்கு, மேடையில் மூடுபனி விடும் இயந்திரம்தான் என்றேன். அந்த இயந்திரத்தின் புகை இனிப்பு வாசனை அடிக்கும். இது யூக்கலிப்டஸ் எரிகிற வாசனை. அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது தெரியாமல் இருக்காது. ஆனாலும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்திருந்தாலும் நான் தடுத்திருக்கமாட்டேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் திரையை மூன்று முறை திறந்து மூடினேன். இரண்டோடு நிறுத்தியிருக்கலாம் என்று உங்கள் அதிகாரி ஒருவர் சொன்னார். அவர் மேடைப் பக்கம் போனவர் இல்லை என்று நினைக்கிறேன்.

கதவைத் திறந்தபோது பகலாகவே இல்லை. சாம்பல் விழுந்துகொண்டிருந்தது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அதற்கு நேரமில்லை. முக்கால்வாசிப் பேரை நான்தான் கால்பந்து மைதானத்துக்கு ஓட்டினேன். நனைத்த கம்பளிகளுக்கு அடியில் படுக்கவைத்தேன். அவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். சில தாய்மார் பிறகு என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அப்போது அவர்களுக்குத் தெரியாது.

இவானுக்கு வயதான அம்மா வீட்டில் தனியாக இருந்தாள். அதனால் அவள் மைதானத்துக்கு வர மறுத்தாள். பையன்களைக் காரில் ஏற்றிக்கொண்டு, "கிர்ராவையும் கூட்டிட்டுப் போறேன், அவ வீடு வழியிலதான்" என்றாள். கிர்ரா என்னைப் பார்த்தாள். பாலத்து ரோடு தாங்காது என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொன்னால் எப்போது தெரியும், யார் சொன்னார்கள் என்று கேட்பார்கள். அத்தனை பேர் சுற்றி நின்றார்கள்.

"போ, கண்ணு" என்றேன். கார்க் கதவை நான்தான் சாத்தினேன்.

கார் பாலத்துக்கு இந்தப் பக்கமே கிடந்ததாகச் சொன்னார்கள். நான்கு பேரும் உள்ளே இருந்தார்கள். அந்த விவரம் என்னைவிட உங்களிடம் அதிகம் இருக்கும்.

மறுநாள் காலையில் கொலின் மைதானத்துக்கு வந்தார். முகம் முழுக்கக் கரி. என்னைப் பார்த்ததும் நின்றார்.

"உங்கூட இருக்கான்னு சொன்னியே, மெரின்."

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அதைக் கேட்க அவர் நிற்கவில்லை. அதன்பிறகு என்னைப் பார்க்க மறுக்கிறார். இந்த ஸ்டேஷன் பக்கம் வந்தபோதும் உள்ளே வரவில்லை என்றார்கள்.

நீங்கள் சொல்கிற எல்லாவற்றையும் நான் செய்தேன். செய்திகளைப் பார்த்தேன், கூடைகளை மூடினேன், கொலினிடம் பொய் சொன்னேன், எரிகிற ரோட்டுக்கு அந்தக் காரை அனுப்பினேன். எங்கே கையெழுத்து போட வேண்டுமோ காட்டுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கொலின் அன்றைக்கு அவளைப் பார்க்கவில்லை. அவர் மனம் கொஞ்சம் ஆறியபிறகு யாராவது அவரிடம் சொல்லுங்கள்: அவள் அற்புதமாக நடித்தாள், ஸ்கைக்கு நேர்ந்த கதி அவளுக்கு நேராமல் நான் பார்த்துக்கொண்டேன்.