அவரே கேக்கட்டும்

கர்ர்ர்ர். பாம்பன் துறையில் நிற்கும் விசைப்படகு ஒன்றில் வாக்கிடாக்கி இரைகிறது. பிறகு கடலிலிருந்து இரண்டு படகோட்டிகளின் சண்டை.

"ஏலே, அங்கன என் வலை கெடக்கு. ஒதுங்கிப் போ!"

"கடலு என்ன ஒங்க அய்யா கட்டி வச்ச வீடா? போறேன், போறேன். கத்தாத!"

கரையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் மணலில் குப்புறக் கிடக்கிறேன். அந்த இரைச்சலைக் கேட்டால் என் உடம்பு என்னைக் கேட்பதில்லை.

"விழுந்து படுங்கோ!"

எறிகணை. உய்ய்ய் என்று நீளும். பிறகு ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு நிலம் எழும்பும். இது அக்கரை. போர் நாளின் மன்னார்க் கரை. பனைகளுக்குத் தலை இல்லை. காயப்பட்டவர்கள் வரிசையாகக் கிடக்கிறார்கள். பதினேழு பேர். அதில் என் தங்கை மலர். வயிற்றில் இரும்புச் சில்லு. படகு வந்தால் பிழைப்பாள். தனுஷ்கோடிவரை போனால் போதும்.

நான் தளபதியின் வோக்கி சுமப்பவன்; இங்கே அதை வாக்கிடாக்கி என்கிறார்கள். காயப்பட்டவனை விட்டுவிட்டு அவர் ஓரடி பின்வாங்கியதில்லை. கடைசி ஆள் சாப்பிட்ட பிறகே சாப்பிடுவார். அவருக்காகச் சாகப் பலர் இருந்தார்கள். அவரோடு பேச ஒரு சக தளபதி இல்லை.

படகுகள் கடல் தளபதியின் கையில். முந்தைய சண்டை ஒன்றில் படகு பிந்தி வந்தது. எங்கள் ஆட்கள் செத்துப்போனார்கள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஒரே பதுங்குகுழி. ஒரே வரைபடத்தின் மேல் குனிந்திருப்பார்கள். "தம்பி, அவரிட்டச் சொல்லு" என்பார் இவர். "கேட்டது எண்டு சொல்லு" என்பார் அவர். நடுவில் நான். இருவரின் தேநீரும் ஆறிப்போகும்.

அன்று காலை வோக்கியில் படகு கேட்டேன். கடல் தளபதியின் பதில் வந்தது.

"அவரே கேக்கட்டும். ஓவர்."

தளபதிக்கும் கேட்டது. முகத்தைத் துடைத்தார். கடலைப் பார்த்தார். வெயில் ஏறியது. நான் என்ன செய்ய? வோக்கி என் கையில். குரல் அவர் தொண்டையில். மலர் தண்ணீர் கேட்டாள். வயிற்றுக் காயத்துக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. உதட்டை நனைத்தேன்.

உச்சி வெயிலில் தளபதி கை நீட்டினார். வோக்கியை வாங்கினார். வாயருகே கொண்டுபோனார். அப்போதுதான் விழுந்தது அடுத்த எறிகணை. எழுந்து பார்த்தால் வோக்கி இரண்டு துண்டு.

"ஓடு! நான் கேட்டனான் எண்டு சொல்லு. கும்பிட்டுக் கேட்டனான் எண்டு சொல்லு!"

படகுகள் நின்ற இடத்துக்குக் கரையோரமாக ஓடினேன். கடல் தளபதி ஒரு வார்த்தை மறுக்கவில்லை. தானே படகைத் தள்ளினார். வழியெல்லாம் ஒன்றையே கேட்டார். "உண்மையா அவரே கேட்டவரோ?"

கரை தெரிந்தது. வரிசை இருந்த இடத்தில் புகை. எங்கள் மேலும் சுட்டார்கள். இயந்திரம் நின்றது. அவர் கடலில் விழுந்தார். நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போனது. தனுஷ்கோடி மணலில் ஒதுங்கியபோது அதில் நான் மட்டும்.

போனவர்கள்: வரிசையில் கிடந்த பதினேழு பேர். அவர்களை விட்டு நகராத தளபதி. கடல் தளபதி. மலர் அந்தப் பதினேழில் ஒருத்தி. அவளைத் தனியாகவும் எண்ணுகிறேன்.

ஓடுவதற்கு முன் அவளிடம் குனிந்தேன். சிரிக்கப் பார்த்தாள்.

"அண்ணா, ரெண்டு தளபதிமாரையும் பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி ஒரு வாங்கில இருத்திப் போட்டு வா. நான் இங்கதான் கிடப்பன்."