படகுக்காரியின் சிரிப்பு

வீட்டில் எங்காவது குழாய் சொட்டினால் முதலில் எழுந்து போய் மூடுவது நான்தான். மற்றவர்களுக்கு அது கேட்பதே இல்லை. பதினாறு வருடமாக ஒலிப்பதிவு அறையில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கும் காதுக்கு, தேவையில்லாத ஓசை என்பது கண்ணில் விழுந்த தூசி மாதிரி. எடுத்துவிட்டால்தான் நிம்மதி. பெருமைக்காகச் சொல்லவில்லை, வக்கீலம்மா. அசல் ஒலிப்பதிவுகள் எங்கே என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்ல இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் விளையாட்டு பத்து வருடத்துப் பழசு. ஒரு பெரிய ஆறு, அதில் மிதக்கும் பலகைகள், ஒவ்வொன்றாகத் தாவி அக்கரை போய்ச் சேர வேண்டும். தவறி விழுந்தால் துறையில் நிற்கும் படகுக்காரி கை கொடுத்துத் தூக்கிவிடுவாள். "விழுந்தா என்ன, எழுந்து வா. நான் இங்கதான் இருக்கேன்" என்பாள். அவ்வளவுதான் அவள் வசனம். எங்கள் நிறுவனத்துக்காக அதை உருவாக்கிய புரோகிராமர் என் கணவர். படகுக்காரிக்குக் குரல் கொடுத்தவர் அவருடைய முதல் மனைவி. நான் இந்த நிறுவனத்தில் சேர்ந்தது பிற்பாடுதான், அவரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அக்கா என்றுதான் சொல்வேன்.

அந்த வசனத்தின் முடிவில் ஒரு சின்னச் சிரிப்பு உண்டு. எழுதிக் கொடுத்ததில் இல்லாத சிரிப்பு. கல்யாணமான புதிதில் அவர் எனக்குச் சொன்னார்: "அப்ப அவளுக்கு ஏழு மாசம். வசனத்த சொல்லி முடிக்கறா, உள்ளேருந்து பாப்பா ஒரு உதை விட்டா. அவளால சிரிப்ப அடக்க முடியல. நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்."

பாப்பாவுக்கு மூன்று வயதாகும்போது அக்கா சாலை விபத்தில் போய்விட்டார். கைப்பேசியும் அவரோடு நொறுங்கிப்போனது. வீட்டில் மிஞ்சியது புகைப்படங்கள். குரல் என்று மிஞ்சியது அந்த ஒரு வசனமும் சிரிப்பும் மட்டும்தான்.

நான் அந்த வீட்டுக்கு வந்தபோது பாப்பாவுக்கு ஆறு வயது. நல்ல பிள்ளை. நான் தலை பின்னிவிட்டால் அசையாமல் உட்காருவாள், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பாள். பள்ளிவிட்டு வந்ததும் காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூடத்து மூலையில் இருந்த பழைய கணினியின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். முதல் பலகையிலேயே ஆற்றில் குதிப்பாள். படகுக்காரி தூக்கிவிடுவாள். மறுபடி குதிப்பாள். துணி மடித்துக்கொண்டே பார்ப்பேன்.

"தோக்கறதுக்குன்னே ஒரு ஆட்டம் ஆடறது ஊரிலேயே நீ ஒருத்திதான்டி" என்று ஒருநாள் கிண்டலாகச் சொன்னேன்.

"தோத்தாத்தானே சித்தி, அம்மா பேசுவாங்க" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நான் மடித்த துணியை மறுபடி உதறி மடித்தேன். வேறென்ன செய்ய முடியும், சொல்லுங்கள். போட்டோவில் இருக்கும் ஒருத்தியோடு வாழ்ந்துவிடலாம், போட்டோ பேசாது. அவளுக்குக் காய்ச்சல் வந்து நான் நெற்றியில் ஈரத்துணி போட்ட இரவுகளில்கூட, கண் திறந்ததும் "சித்தி, கணினியப் போடுங்களேன்" என்றுதான் கேட்பாள். நான் எழுந்து போய்ப் போடுவேன்.

அடுத்த வருடம் அந்த விளையாட்டைப் புதுப்பித்து வெளியிட நிறுவனம் முடிவு செய்தது. அது நான் கேட்டு நடந்ததல்ல. புதுப்பிப்பதில் நன்மையும் நிறைய இருந்தது. பழையது புதிய கணினிகளில் ஓடவே ஓடாது. எழுத்துகள் எறும்பு சைஸில் இருக்கும். எங்கள் படம் வரையும் பிரிவில் தாடி என்று ஒருவரைக் கூப்பிடுவோம், அவர் பழைய படகுக்காரியைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்துவிட்டு, "மூஞ்சி செங்கல் அடுக்கின மாதிரி இருக்கு. இதையா அழகி அழகின்னு கொண்டாடினோம்? அப்ப நமக்கெல்லாம் கண்ணு இருந்துச்சா இல்லையா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். என் கணவரும் சிரித்தார்.

பழைய விளையாட்டைத் தொடும்போது எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதில் உள்ள குறைகளை எல்லாம் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'திருத்து' அல்லது 'விடு' என்று குறிப்போம். சில குறைகளை ஆட்டக்காரர்கள் நேசிப்பார்கள் என்று தாடி அடிக்கடி சொல்வார். பலகையின் ஓரத்தில் நின்றால் ஆள் பாதி மறைந்துபோவான், அது வெறும் பிழை. ஆனால் அதை எடுத்தால் அடிக்க வருவார்கள். அதற்கு 'விடு'. இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு குறைகள். ஒலி சம்பந்தப்பட்டவை என் பொறுப்பு. நாற்பத்தொன்றாவதாக நான் எழுதினேன்: வசன முடிவில் தேவையற்ற ஓசை. எதிரே 'திருத்து'.

பட்டியல் மூன்று பேர் கைக்குப் போய்க் கையெழுத்தாகித் திரும்பி வந்தது. என் கணவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் கடைசிப் பக்கத்தை மட்டும்தான் புரட்டுவார் என்பது எனக்குத் தெரியும். கோப்பில் இருக்கிறது, பாருங்கள். நான் யாருக்கும் தெரியாமல் எதுவும் செய்யவில்லை.

இன்னொரு சிக்கல் வந்தது. இந்தக் காலத்தில் தோற்பது யாருக்கும் பிடிப்பதில்லை என்று, விழும்முன்பே தாங்கிப்பிடிக்கும் வசதியைச் சேர்த்தார்கள். படகுக்காரிக்குப் புதிதாக இருபது வசனம் தேவைப்பட்டது. இறந்தவரால் பேச முடியாது. பழைய வசனம் ஒரு குரலிலும் புதியவை வேறு குரலிலும் இருந்தால் காதில் இடிக்கும். எல்லாவற்றையும் ஒரே குரலில் பதிவதுதான் முறை. இதை எந்த ஒலிக்காரரிடம் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார். வெளியாள் எதற்கு என்று நானே மைக் முன் உட்கார்ந்தேன். பழைய வசனத்தை மறுபடி பதிகிறேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சுத்தம் செய்கிறேன் என்றேன்.

இரண்டு மாதம் அக்காவின் குரலைக் கேட்டுக் கேட்டுப் பழகினேன். 'எழுந்து' என்னும்போது அவர் மூச்சு கொஞ்சம் உடையும். 'வா' என்பதை இழுக்கமாட்டார், வைத்துவிட்டுப் போவார். எல்லாம் வந்தது. சிரிப்பு மட்டும் எனக்கு வரவேயில்லை. அதைத்தான் ஏற்கெனவே பட்டியலில் எடுத்தாயிற்றே.

முடிந்த விளையாட்டை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த அன்று, படகுக்காரி பேசியதும் என் கணவர் எழுந்து குளியலறைக்குப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. வந்து, "எவ்ளோ தெளிவா சுத்தம் பண்ணியிருக்க" என்று என் தோளைத் தொட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. என் குரலைக் கேட்டு அவர் அதற்கு முன் அழுததில்லை.

அந்த வாரமே அலுவலக அலமாரியில் இருந்த ஹார்ட் டிஸ்க்கையும், வீட்டு இழுப்பறையில் அவர் வைத்திருந்த நகலையும் அழித்தேன். நீங்கள் தேடுவது அவற்றைத்தான். பழைய கணினியையும் விளையாட்டின் வட்டையும் பாப்பா பள்ளியில் இருந்த நேரத்தில் பழைய சாமான் வண்டிக்காரரிடம் போட்டேன். அவர் பெரியவர், தனியாகத் தூக்கச் சிரமப்பட்டார். நானும் ஒரு கை பிடித்தேன்.

பாப்பா பள்ளிவிட்டு வந்து காலி மூலையைப் பார்த்தாள். புதிதாக வாங்கிய மெல்லிய கணினியைக் காட்டினேன். விழ முடியாமல் வெகுநேரம் திணறினாள், விளையாட்டு அவளைப் பிடித்துப் பிடித்து நிறுத்தியது. எப்படியோ விழுந்தாள். கேட்டாள்.

"சித்தி, சிரிப்பு இல்ல."

"எந்தச் சிரிப்புடா?"

"கடைசில அம்மா சிரிப்பாங்கல்ல. நான் உதைச்சப்ப."

"அப்படி எதுவும் இருந்ததில்லையேடா தங்கம். நீயா நெனச்சுக்கிட்ட."

என் கணவரிடம் அன்று மாலை பேசினேன். பழைய கணினி பழுதாகிவிட்டது, அசல் பதிவும் கெட்டுப்போய்விட்டது, சிரிப்பை மீட்க முடியவில்லை, பாப்பா கேட்டால் அப்படி ஒன்று இருந்ததேயில்லை என்று சொல்லுங்கள் என்றேன்.

"அதுக்காக இல்லவே இல்லன்னு சொல்லணுமா? குழந்தைகிட்ட பொய் சொல்லச் சொல்றியா?"

"தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னா தினம் அழுவா. இருந்ததேயில்லன்னா ஒரு நாள்தான். உங்களால தினம் பாக்க முடியுமா?"

அவரால் முடியாது. பாப்பா வந்து "அப்பா, சிரிப்பாங்கதானே?" என்று கேட்டபோது, "தெரியலம்மா, சரியா ஞாபகமில்ல" என்றார். அவள் அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏழு வயதுப் பிள்ளை, பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து சொல்லும்போது என்ன செய்வாள். தன் ஞாபகத்தைத்தான் தப்பென்று வைத்துக்கொள்வாள். அப்புறமும் சில மாதம் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் பொறுமையாகவே பதில் சொன்னேன். ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

விளையாட்டு நன்றாக ஓடியது. கண் பார்வை குறைந்த ஒருவர், எழுத்தைப் பெரிதாக்க முடிகிறது, வாழ்க்கையில் முதல்முறையாக அக்கரை பார்த்தேன் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை இன்றும் வைத்திருக்கிறேன். அப்புறம் போன மாதம் வேறொருவரின் கடிதம் வந்தது. நோயில் கிடந்த காலத்தில் அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் எழுந்தேன், அதை ஏன் எடுத்தீர்கள், அசலைக் காட்டுங்கள் என்று. தன் பழைய வட்டையும் அது ஓடும் கணினியையும் அனுப்பியிருந்தார். நிறுவனம் அசலைத் தேடியது, இல்லை. உங்களை அனுப்பியது.

நேற்று நீங்கள் அந்தக் கணினியை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தீர்கள். என் கணவர் கேட்டுக்கொண்டதால்தான் என்று தெரியும். நான் தடுக்கவில்லை. பாப்பாவுக்கு இப்போது ஒன்பதரை வயது. உட்கார்ந்து, முதல் பலகையிலேயே குதித்தாள். அக்கா பேசினார். சிரித்தார். அந்தச் சிரிப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை இரண்டரை வருடத்தில் நான்கூட மறந்திருந்தேன்.

என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டார். பாப்பா இன்னொரு தடவை குதித்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். அப்புறம் விசைப்பலகையைத் தள்ளிவைத்தாள்.

"இது யாரு? எங்கம்மா இப்படிப் பேச மாட்டாங்க."

"அம்மாதான்டா, நல்லாக் கேளு" என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லப்பா. அம்மா சிரிக்க மாட்டாங்க." தன் கணினியை எடுத்துவந்து உங்களுக்குப் போட்டுக் காட்டினாள். என் குரல் கூடத்தில் கேட்டது. "இதுதான் ஆன்ட்டி எங்கம்மா" என்றாள். நீங்கள் அப்போது என்னைப் பார்த்தீர்கள்.

ஆமாம், அந்தக் குரலை அழித்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், வக்கீலம்மா. நேற்று அந்தக் கூடத்தில் அழுதது அவர் மட்டும்தான். பாப்பா ஒரு சொட்டுக்கூட அழவில்லை. பிள்ளையின் மனம் நோகாமல்தான் இவ்வளவையும் செய்திருக்கிறேன் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?