லிங்க் மட்டும்தான் மேடம்

இல்ல மேடம், வாட்சப்புல நான் எதுவும் அழிக்கல. அவ்ளோதான் இருந்துச்சி. மேல தள்ளிப் பாருங்க, கல்யாணத்துக்கு முன்னாடியும் அதேதான். லிங்க்கு, லிங்க்கு, லிங்க்கு. செல்லம், கண்ணு, ஐ மிஸ் யூ, ஒண்ணும் கெடையாது. அதுக்காக விசாவுக்குப் பண்ண பொய்க் கல்யாணம்னு எழுதிடாதீங்க மேடம், ப்ளீஸ்.

தண்ணியா? வேணாம். சரி, குடுங்க.

என் வீட்டுக்காரரு மாக்சிம் பேச மாட்டாரு. நானும் அப்பிடித்தான், காலேஜுல வைவாவுக்கே நாக்கு ஒட்டிக்கும். அவரு அத்த ஜெர்மேன், தாந்த்னு பிரெஞ்சுலதான் கூப்புடுவோம், கருவடிக்குப்பத்துல எங்க தெருதான். அவங்கதான் பேசி முடிச்சாங்க. அவரு பிரான்சுலேருந்து பொண்ணு பாக்க வந்தப்ப, ரெண்டு பேரும் பேசுங்கன்னு பீச்சுல உட்டுட்டு தாந்த் சுண்டல் வாங்கப் போயிட்டாங்க. இவரு கடலையே பாக்கறாரு. நான் செருப்பையே பாக்கறேன். அப்புறம் போன எடுத்து நீட்னாரு. ஆக்டோபஸ்ஸுக்கு மூணு இருதயமாம். ஒண்ண வச்சிகினே நான் இந்தப் பாடு படறேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். மாக்சிம் சிரிச்சாரு பாருங்க... அன்னிலேருந்து அதான் எங்க பேச்சு.

இதுவா? இது வாம்பட் மேடம், ஆஸ்திரேலியா மிருகம். அது போடற புழுக்க சதுரமா இருக்கும், வெல்லக்கட்டி மாதிரி. சிரிக்கறீங்க. அன்னிக்கு எங்கப்பாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருக்கேன். பயப்படாதன்னு மாக்சிமுக்கு எழுத வராது. இத அனுப்பிச்சாரு. நான் தனியா சிரிக்க, நர்சு மொறச்சிட்டுப் போச்சி.

அது பழைய டச்சு ஓவியம். பீச்சுல ஜனங்க கூட்டமா நிக்கறாங்க, பாக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. சுத்தம் பண்றப்ப மேல் பெயின்ட்ட எடுத்தா உள்ள ஒரு திமிங்கலம் கெடக்குது! யாரோ எப்பவோ அடிச்சி மறைச்சிட்டாங்களாம். நீங்களும் மேலாக்கதான் பாக்கறீங்க மேடம். மன்னிச்சிக்குங்க, அப்பிடிச் சொல்லக் கூடாது.

செவுத்துப் பக்கம். முன்னாடியே கேட்டீங்களே, அவரு செவுத்துப் பக்கம்தான் படுப்பாரு. கூச்சமா இருக்குது மேடம். லீவு முடியறவரைக்கும்தானே கூட இருந்தாரு. பிரான்சுல அவங்க வீட்டுக் கதவு என்ன கலருன்னா எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்க அனுப்பினாத்தானே பாப்பேன். மாப்பிள்ளையக் கட்னியா, பாஸ்போர்ட்டக் கட்னியான்னு எங்க தெரு ஜெயம் அக்கா மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டாங்க. நீங்க கொஞ்சம் மரியாதையா கேக்கறீங்க, அவ்ளோதான்.

ஆமா. கவனிச்சிட்டீங்க. கடைசில இருக்கறதெல்லாம் நான் அனுப்பினதுதான். இது வாயேஜர், ரொம்ப ரொம்ப தூரம் போயிட்ட விண்கலம். மாசக்கணக்கா புரியாம உளறிகினு இருந்துது, இதோட முடிஞ்சிதுன்னு நெனச்சாங்க. ஆனா உட்டுடல, இங்கேருந்தே சரி பண்ணிட்டாங்க. எங்க பாஷையில இது கெஞ்சறது மேடம். இதுக்கு மேல எனக்குக் கெஞ்சத் தெரியல. ரெண்டு டிக்கும் நீலமாயிடுது. பாக்கறாரு. ஈஸ்டருக்கப்புறம் பதிலுக்கு ஒரு எறும்பு படம் கூட வரல. போன் பண்ணா வேலைல இருக்கேன்னு வச்சிடறாரு. தாந்த் கூட என்னப் பாத்தா சர்ச்சுல வேற பெஞ்சுக்குப் போயிடறாங்க.

விசா நீங்க குடுக்காட்டி கூட... அதுக்காக மட்டும் நான் வரல மேடம். அவர அங்க தனியா கூப்ட்டு விசாரிச்சோம்னு சொன்னீங்களே. இதே கேள்வி கேட்டிருப்பீங்க இல்ல, இது நெஜக் கல்யாணமான்னு? அதுக்கு அவரு என்ன சொன்னாரு?

சொல்லக் கூடாதுன்னு ரூல்ஸா? சரி. வாயத் தொறந்து சொல்ல வேணாம் மேடம். தலைய மட்டும் ஆட்டுங்க.