கடைசிப் பாவு

உங்கள் ஸ்டேஷன் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. காகிதத்தை நாலாக மடித்துக் கீழே வைத்தால் ஆடாது. கோணலாக நிற்கும் சாமானையும் பாதியில் கிடக்கும் வேலையையும் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா உட்கார முடியாது. அது என் குணம்.

பெயர் சின்னப்பையன். வயது ஐம்பத்தாறு. சிரிக்க வேண்டாம், பெற்றவர்கள் வைத்தது. ஊர் சேவூர். தொழில் பாவு பிணைப்பது. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழை, தீரும்போது, பழைய இழையின் நுனியோடு புது இழையைச் சேர்த்து முறுக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக, நாலாயிரத்துக்கு மேல். இரண்டு நாள் பிடிக்கும். பிணைக்க வந்தவனுக்கு அந்த வீட்டிலேயே சாப்பாடு, இது ஆரணிப் பக்கத்து வழக்கம். அந்த இரண்டு நாளும் எனக்குப் பேச ஆள் உண்டு. மற்ற நாட்களில் சுவரோடு பேசுவேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மனைவி கன்னியம்மா எழுபத்தொன்றாம் வருஷம் தேசூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனாள். "ரெண்டே நாளு, வந்துடறேன்" என்று சொல்லி ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டாள். வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் கேட்டீர்கள், சொன்னேன்.

நான் செய்ததெல்லாம் இரக்கத்தினால். தனியாக இருக்கும் கிழங்களின் வீட்டை நீங்கள் பார்த்ததில்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர். நான் போனால் இன்னொரு டம்ளரைப் பரண்மேல் தேடுவார்கள். அதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

முதலில் குப்புராஜ். எழுபத்தொன்பதாம் வருஷம். மனைவி செத்து ஆறு வருஷம் ஒண்டியாக நெய்துகொண்டிருந்தார். இரண்டாம் நாள் வேலை முடிந்து சாப்பிடும்போது சொன்னார்: "இதான் கடைசிப் பாவு, சின்னப்பையா. இத்த முடிச்சிட்டு பெங்களூர்ல மவன் வூட்டுக்குப் பூடறேன். ஒத்தையா கெடந்து ஒரே பேஜாரா கீது." வாங்கி வைத்திருந்த புது டிரங்குப் பெட்டியையும் திறந்து காட்டினார். பாவம், எவ்வளவு தனிமை பாருங்கள். சாப்பிட்டுக் கண் அசந்ததும் தலையணையை முகத்தில் வைத்து அழுத்தினேன். கையைக் கொஞ்சம் உதறினார். தூக்கத்திலேயே போய்விட்டார், நல்ல சாவு என்று தெருவே சொன்னது. நானும் தோள் கொடுத்தேன்.

எண்பத்திரண்டில் கிருஷ்ணம்மாள். எனக்குப் பிடித்த மாதிரி மோரில் உப்புப் போடத் தெரிந்த ஒரே ஆள். திருமலைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட மகள், வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். "இனிமே உனுக்கு ஆள் அனுப்பற வேலை இல்லப்பா" என்று சிரித்தாள் அந்த அம்மாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது வேறு விஷயம். அவளுக்கும் வலியில்லாமல்தான் செய்தேன்.

இந்த ஆவணியில் அபிதகுசாம்பாள். இங்கேதான் பிசகினேன். பாவு தீர்ந்ததும் தம்பி வீட்டோடு போய்விடுவதாக இரண்டாம் நாள் மதியம் சொன்னாள். துணியெல்லாம் மூட்டை கட்டி மூலையில் இருந்தது. அவள் படுத்ததும் செய்துவிட்டேன். உடனே தெருவுக்கு ஓடி ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் பாவில் கால்வாசி அப்படியே கிடந்தது, ஐயா. அதை விட்டுவிட்டு எப்படிப் போவது? சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நாலு மணி நேரம். அவள் பக்கத்திலேயே இருந்தாள். நான் பேசிக்கொண்டே பிணைத்தேன், பெரும்பாலும் கன்னியம்மாவைப் பற்றி. எழுந்து போக இவளுக்கு எந்த அவசரமும் இல்லை. பல வருஷங்களில் நான் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

கடைசி இழையை முறுக்கிவிட்டு, அவளுக்குப் பட்டு கொடுத்து நெய்யவைக்கும் தனகோடியிடம் போய், அம்மாள் சாப்பிட்டுப் படுத்தவுடனே போய்விட்டாள் என்றேன். வந்தார். பிணத்தைப் பார்த்தார். பிறகு தறியைப் பார்த்தார். பிணைப்பின்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலை ஓட்டினார்.

"காலைல நான் வந்தப்போ பாதிதான் ஆயிருந்துது" என்றார். "சாப்ட்டதும் பூட்டாங்கன்ற. அப்ப மீதிய எப்படா பிணைச்ச? பொணத்துகிட்ட குந்திகினா?"

உங்கள் போலீஸ்காரர்கள் வந்திருந்தால் தறிப்பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்கள். நெய்கிறவன் கண்ணுக்கு அது தப்பாது.

மூன்று பேர். மூன்றையும் நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். தனிமையிலிருந்து விடுவித்தேன் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

அருணாச்சலத்தை ஏன் விட்டுவைத்தாய் என்று கேட்கிறீர்கள். கேள்வியே எனக்குப் புரியவில்லை. இவர்கள் எல்லாரையும்விட ஒண்டிக்கட்டை அவர்தான், ஒப்புக்கொள்கிறேன். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, எட்டிப் பார்க்க ஒரு நாதி இல்லை. பதினைந்து வருஷமாக அவர் வீட்டில் பிணைக்கிறேன். என் எதிரில்தான் படுத்துத் தூங்குவார். ஆனால் அவரை நான் ஏன் கொல்ல வேண்டும், ஐயா? அவரைக் கூட்டிப்போக யாரும் வரப்போவதில்லை. ஐப்பசியில் அவருக்குப் பாவு தீரும். வேறு ஆளைக் கூப்பிட்டுவிட வேண்டாமென்று மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.