கீழே விழத் தெரியாத காசு

அவையை அணி செய்யும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே! அகவையில் மூத்த ஆன்றோரே! கடையையும் வீட்டையும் இரு கைகளில் ஏந்தி, களைத்தாலும் சிரித்தபடி அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! அடங்காத ஒலிபெருக்கியை அடக்கி ஆளும் மைக் செட் நண்பரே! செங்கல்லோடும் கரணையோடும் மேடையோரம் காத்திருக்கும் கொத்தனார் அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த அரைக் கன்னத்தானின் முழு வணக்கம்!

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். இடக் கன்னம் வழவழப்பு. வலக் கன்னம் முட்காடு. ஏன் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், என் பொருளாதார வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "சார், காசுக்கு எதுக்கு சார் ரெண்டு பக்கம்?"

நான் சொன்னேன்: "ஒரு பக்கத்தில், 'இதற்கு நான் பொறுப்பு' என்று அரசு சொல்கிறது. மறு பக்கத்தில், 'இதன் மதிப்பு இவ்வளவு' என்று சொல்கிறது."

அந்த மாணவர்தான் இதோ முன்வரிசையில், கிழக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் முடிதிருத்தகத்துச் சின்னவர். சற்றுத் தள்ளி மேற்கே திருப்பிக்கொண்டிருப்பவர் அவருடைய அண்ணன், நம் பெரியவர்.

இன்று என்ன விழா? ரொக்கத்துக்குப் பிரிவு உபசார விழா! இனி நோட்டு இல்லை, நாணயம் இல்லை. அரசே வெளியிட்டு அரசே பொறுப்பேற்கும் டிஜிட்டல் பணம் மட்டும்தான். விழா நாயகனான காசை மேடையில் உட்கார வைக்க ஆசைப்பட்டோம். ஆனால் எல்லாக் காசையும் போன வாரமே வங்கியில் ஒப்படைத்துவிட்டோம். அதனால்தான் அந்த நாற்காலியில் நினைவுக் கேடயம் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறது.

நான் புதுப் பணத்துக்கு எதிரியா? இல்லை! கிழியாத பணம், நனையாத பணம், சட்டைப்பை ஓட்டையில் நழுவாத பணம். அரசின் பொறுப்பும் அதில் உண்டு, மதிப்பும் உண்டு. பிறகு என்னதான் குறை என்கிறீர்களா?

முடிதிருத்தகத்துக்கு வாருங்கள். அங்கே இரண்டு நாற்காலிகள். வாசலோரத்து நாற்காலியில்தான் வருகிறவர்கள் எல்லாம் வந்து உட்காருவார்கள். உள் நாற்காலி ஈ ஓட்டும். வாசல் நாற்காலி யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் தினமும் கடை திறந்ததும் காசைச் சுண்டிப் பார்ப்பார்கள். தலையா, பூவா? விழுந்ததும் தீர்ந்தது வழக்கு. காசு போனதும் இருவரும் பணத்துறை அலுவலகத்துக்கே போய்விட்டார்கள்.

"மேடம், இந்தப் பணத்துல தலை எது, பூ எது?"

"இதுல இருப்பு மட்டும்தாங்க தெரியும்."

"இருப்பு தெரியுது மேடம். தூக்கிப் போட்டா என்ன விழும்?"

"போன் விழும்."

அன்பர்களே, அதை அவர்கள் அலுவலக யோசனை என்று எடுத்துக்கொண்டார்கள்!

இன்று காலை நான் வாசல் நாற்காலியில் அமர்ந்தேன். பெரியவர் ஒரு கன்னத்தை முடித்தார். சின்னவர் வந்தார். "அண்ணே, இன்னும் போட்டே பார்க்கல. அந்த நாற்காலி உன்னுதுன்னு யாரு சொன்னா?" உடனே அண்ணனுடைய போனை எடுத்தார். திரை மேலே வந்தால் தலை, முதுகு வந்தால் பூ. வீசினார். சுழன்றது, மின்னியது, என் மடியிலிருந்த சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் செங்குத்தாக இறங்கியது!

"அடப்பாவி! கடைப் பணம் பூரா அதுக்குள்ளடா!"

வாயோரம் நுரையோடு நான் பாடம் நடத்தினேன்: "பணம் போனுக்குள் இல்லையப்பா. அது அரசின் கணக்கில் இருக்கிறது. வேறு போன் வாங்கினால் அதில் வந்துவிடும்."

"பணம் வந்துடும், சரி சார். யாரு ஜெயிச்சதுன்னு சொல்லுங்க!"

இருவரும் கத்தியைக் கீழே வைத்தார்கள். கொத்தனாருக்கு ஆள் போனது; விழா முடிந்ததும் வேலையாம். இரண்டு நாற்காலிக்கும் நடுவே சுவராம்! ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு நடுவே சுவராம்!

இத்தனை காலம் வாசல் நாற்காலி கிடைக்காத நாளில் பெரியவர் யாரைத் திட்டினார்? காசை! சின்னவர் யாரைத் திட்டினார்? காசை! காசு வாங்கிக்கொண்ட வசவையெல்லாம் இன்று யார் வாங்குவது? அண்ணன் வாங்குகிறார், தம்பி வாங்குகிறார், நடுவில் என் கன்னம் வாங்குகிறது!

சின்னவரே, அன்று நான் சொன்ன விடையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். காசுக்கு இரண்டு பக்கம் இருந்ததே, நீங்கள் இருவரும் ஒரே பக்கம் இருப்பதற்குத்தான்!

கை தட்டாதீர்கள், இன்னும் முடியவில்லை. அதற்குக் காசுதான் வேண்டுமா? கீழே விழத் தெரிந்த எதுவும் போதாதா? இதோ, என் இடது செருப்பு! தலைவரே, பதறாதீர்கள். மேடைக்குச் செருப்பு வருவதுண்டு. மேடையிலிருந்து போவது இதுதான் முதல் முறை. சொல்லுங்கள் தம்பிகளா. பெரியவருக்கு மேல்புறம், சின்னவருக்கு அடிப்புறம். சம்மதமா? தாய்மார்களே, தலையைக் குனிந்துகொள்ளுங்கள்!

விழுந்தது! அடிப்புறம்! வாசல் நாற்காலி சின்னவருக்கு!

என்ன பெரியவரே, முணுமுணுக்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள். "நாசமாப் போன செருப்பு!" கேட்டீர்களா, அன்பர்களே? தம்பியைத் திட்டவில்லை, செருப்பைத் திட்டினார்! சின்னவர் சிரிக்கிறார். பெரியவரும் சிரிப்பை அடக்கப் பார்க்கிறார், முடியவில்லை.

"அப்ப செங்கல்லு, சார்?" என்கிறார் கொத்தனார். வந்த வண்டியிலேயே ஏற்றுங்கள், ஐயா. சின்னவர் வலக் கன்னத்துக்குக் கூப்பிடுகிறார். நான் போக வேண்டும். தலைவரே, அந்தக் கேடயத்தை என் செருப்புக்கே கொடுத்துவிடுங்கள். பொறுமையோடு கேட்டவர்களுக்கும், செருப்புக்குக் குனிந்தவர்களுக்கும் என் நன்றி, வணக்கம்.

இன்று வீட்டில் யார் முதலில் என்று சண்டை வந்தால், ஒரு செருப்பைத் தூக்கிப் போட்டுப் பாருங்கள்.